காளியண்ணன் வெட்டாம உட்ட செடி

"அம்மிணி, எனக்கு ஒரு மந்திரம் குடுங்க."

"எதுக்குங்ணா?"

"மொதலாளிங்களப் பாத்தா நாக்கு அண்ணத்துல ஒட்டிக்குதுங்க. அது ஒட்டாம இருக்கறதுக்கு."

அம்மிணி செவுத்தோரம் சாத்தியிருந்த மம்முட்டிய எடுத்து காளியண்ணன் கையில குடுத்தாங்க.

"ஓடையில எல அடைச்சுக்கிட்டு நிக்குது. அள்ளிப் போட்டுட்டு வாங்க."

ஐப்பசி மழ. காளியண்ணன் போனாரு. முழங்கால் சேத்துல நின்னு அள்ளினாரு. தொப்பலா நனைஞ்சு திரும்பி வந்தாரு.

"அள்ளிட்டேனுங்க. மந்திரம்?"

"தண்ணி ஓடுதுங்களா?"

"ஓடுதுங்க."

"நாளைக்கும் எல உழுவுமுங்ணா."

அன்னிக்குக் கச்சேரி அம்புட்டுத்தான்.

கோத்தகிரிக்கு அக்கட்ட, பஸ்ஸு திரும்பற எடத்துக்கும் மேல இருக்குது பாறையடி மடம். மடம்னதும் பெருசா நெனைச்சுக்காதீங்க. ஒரு ஓட்டுக் கட்டடம், ஒரு மாட்டுக் கொட்டாய், நாலஞ்சு பேரி மரம். மிச்சமெல்லாம் ரோசாத் தோட்டம். அதுக்கு குரு மரகதம்மா. வயசு நாப்பதத் தாண்டல. சீடரு காளியண்ணன். அவரு அறுபதத் தொடப் போறாரு.

சீடரு குருவ அம்மிணின்னு கூப்புடுவாரு. குரு சீடர அண்ணான்னு கூப்புடுவாங்க. யாரு கால்ல யாரு உழுவறதுன்னு கொழப்பம் வந்து, கடைசில ரெண்டு பேருமே அந்தப் பழக்கத்த உட்டுட்டாங்க.

மடத்துக்கு வரதுக்கு முன்னாடி காளியண்ணன் மலை பஸ்ஸுல கண்டக்டரு. வாய்னா வாய், அப்படி ஒரு வாய். படியில தொங்கறவன், சன்னலோரத்துக்குச் சண்ட போடறவன், மடியில கோழிய வெச்சுக்கிட்டு தூங்கறவன், எல்லாத்துக்கும் பதிலு தயாரா இருக்கும். கோழி ஏதாச்சும் கேட்டாலும் பதிலு இருக்கும்.

பஸ் மொதலாளி முன்னாடி மட்டும் ஒரே வார்த்ததான். "சரிங்க."

பிரேக்கு சரியில்லீங்கன்னு சொல்லப் போவாரு. "சரிங்க"ன்னு சொல்லிட்டு வருவாரு.

ஒரு நாள் அந்த பிரேக்கு நெசமாவே புடிக்கல. பஸ்ஸு ஒரு தைல மரத்துல தோள் சாஞ்சு நின்னுச்சு. கீழ பாத்தா மேகந்தான் தெரிஞ்சுது. யாருக்கும் உசுரு போகல. காளியண்ணன் எறங்கினாரு. பையக் கழட்டி டிரைவரு கழுத்துல மாட்டினாரு. மேல பாத்து நடந்தாரு. நடந்து நடந்து நின்ன எடந்தான் இந்த மடம்.

பொண்டாட்டி இல்ல. புள்ள இல்ல. ஊருல ஊடும் இல்ல. இங்க ஒரு பாயி, ஒரு கம்பளி, மூனு வேளைக்குக் களி. இதையும் உட்டா அவருக்குப் போக்கிடம் கெடையாது.

"அம்மிணி, மத்த ஊரு சாமியாருங்க காதுல ஓதறாங்களாம். நீங்க கையில கொப்புளந்தான் குடுக்கறீங்க."

"எந்தக் கையிலங்ணா?"

"ரெண்டுலயும்."

"சரியாத்தான் வேல செஞ்சிருக்கறீங்க."

உதுந்த எலைய எல்லாம் கூட்டி குழியில போடச் சொன்னாங்க. மேல சாணித் தண்ணி ஊத்தச் சொன்னாங்க. பங்குனி வரைக்கும் தொடக் கூடாதுன்னாங்க.

"இந்த மடத்துல குப்பைக்குக்கூட தவம் பண்ண எடங் குடுக்கறாங்க" அப்படீன்னு காளியண்ணன் மாட்டுக்கிட்ட சொன்னாரு. மாடு தலைய ஆட்டுச்சு. அது மட்டுந்தான் அவரு பேச்ச மொத்தமாக் கேக்கும்.

ஐப்பசி முடியற நேரம், எஸ்டேட்டுல இருந்து ஒரு ஆளு வந்தாரு.

மடம் நிக்கற மண்ணு எஸ்டேட்டு மண்ணு. மொதலாளி பேரு தெய்வசிகாமணி. அவருடைய அப்பாரு, மரகதம்மாவோட குருவுக்கு வாய்வார்த்தையா உட்டுக் குடுத்த எடம். அப்பாரும் போய்ச் சேந்துட்டாரு, அந்தக் குருவும் போய்ச் சேந்துட்டாரு. வாய்வார்த்த மட்டும் அந்தரத்துல தொங்கிக்கிட்டிருந்துச்சு.

வந்த ஆளு சொன்னாரு. "இங்கிலீசு வருசப்பொறப்பன்னிக்கு மொதலாளி கோயமுத்தூருப் பெரிய மனுசங்களக் கூட்டியாராரு. தோட்டம் பூராவும் பூவா நிக்கோணும். போட்டா எடுக்கோணும். பூவில்லீன்னா இந்த எடத்துல காட்டேஜ் கட்டிருவாராம்."

"சரிங்க" அப்படீன்னுச்சு ஒரு குரலு.

காளியண்ணன் யாருடா அதுன்னு திரும்பிப் பாத்தாரு. யாருமில்ல. அவருடைய வாய்தான். மொதலாளி வரல, மொதலாளியோட ஆளு வந்ததுக்கே இப்படி.

அம்மிணி வந்தவருக்குக் காப்பி குடுத்து அனுப்பினாங்க. அவரு தல மறைஞ்சதும் கேட்டாங்க.

"ஏனுங்ணா, கவாத்துக் கத்திரிக்கு சாணை புடிச்சு நாளாச்சுங்களா?"

காளியண்ணனுக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு.

"அம்மிணி, கார்த்திகையில கவாத்துப் பண்ணினா, இந்தக் குளுருக்கு மாசி கழிஞ்சுதான் துளுக்கும். வருசப்பொறப்பன்னிக்கு மொட்டக் குச்சிதான் நிக்கும்."

"நிக்கட்டுமே."

"மடம் போயிருமுங்க."

"கார்த்திகைக்கு என்ன வேலைங்ணா?"

"கவாத்துங்க. ஒரு வருசம் தள்ளிப் போட்டா என்னங்க? வெட்டலீன்னா செடி கோவிச்சுக்குமா?"

அம்மிணி ஒரு ரோசாச் செடியக் காட்டினாங்க.

"அதுக்கிட்டப் போயி, மொதலாளி வராருன்னு சொல்லுங்க."

"வெளையாடறீங்களா?"

"சொல்லிப் பாருங்க."

காளியண்ணன் போயி நின்னாரு. தொண்டையச் செருமினாரு. "மொதலாளி வராரு" அப்படீன்னாரு. பழக்கதோசத்துல தலத்துண்ட எடுத்து இடுப்புலயும் கட்டிக்கிட்டாரு.

செடி காத்துக்கு ஆடுச்சு. காத்து நின்னதும் அதுவும் நின்னுச்சு.

"சரிங்கன்னு சொல்லுச்சுங்களா?"

"இல்லீங்க."

"சாணை புடிச்சுட்டு வாங்ணா."

கார்த்திகை பொறந்துச்சு. வெட்டு ஆரம்பிச்சுது.

"எம்புட்டு ஒசரத்துக்குங்க?"

"முழங்கால் ஒசரத்துக்கு."

"யாரு முழங்காலுங்க? உங்களுதா, என்னுதா?"

"யாரு குனியறாங்களோ அவங்களுது."

காளியண்ணன் குனிஞ்சாரு. குனிஞ்சவரு ஒவ்வொரு செடிக்கும் ஒரு ஒப்பாரி வெச்சாரு. "அடி மகராசி, உன்னையுமா? போன மாசந்தானே அத்தன பூ பூத்தே?" அம்மிணி பக்கத்துப் பாத்தியில வெட்டிக்கிட்டே, "பாட்டு நல்லாருக்குது, கையி நின்னு போச்சு" அப்படீம்பாங்க.

வெட்டின குச்சி மலையாக் குமிஞ்சுது. காளியண்ணனுக்கு அதுல ஒரே ஒரு சந்தோசம். வெந்நிக்கு வெறகு.

அள்ளிக்கிட்டு அடுப்புக்குப் போனவர அம்மிணி நிறுத்தினாங்க. வெரல் தண்டிக் குச்சியா, நல்லாக் கண்ணு இருக்கறதாப் பாத்துப் பொறுக்கச் சொன்னாங்க. கத்தாழ நாருல கட்டுக் கட்டாக் கட்டி, மாட்டுக் கொட்டாய்க்குப் பின்னால ஈர மணலுல பொதைக்கச் சொன்னாங்க.

"இத எதுக்குங்க பொதைக்கறது?"

"காயாம இருக்கோணும்."

"அப்ப வெந்நி?"

"பச்சத் தண்ணி ஓடையில ஓடுதுங்ணா. நீங்க அள்ளின ஓடைதானே?"

காளியண்ணன் மாட்டுக்கிட்டப் போயி, "வெறகுக்கும் சமாதி கட்டற மடம் இது ஒன்னுதான்" அப்படீன்னாரு.

ஆனா ஒரு செடி மிஞ்சுச்சு.

பாறைக்கு அந்தப் பக்கம், காத்து அடிக்காத மடிப்புல, ஒரு செவப்பு ரோசா. மொட்டு மொட்டா நின்னுச்சு. காளியண்ணன் கத்திரியோட போனாரு. பாத்தாரு. இடுப்பத் தடவினாரு. கத்திரிய உறையில சொருகினாரு.

"அம்மிணிக்கு மடம் போனாலும் பரவால்ல. எனக்குப் போகக் கூடாது" அப்படீன்னு செடிகிட்ட சொன்னாரு. "நீ பூத்துரு. மொதலாளிய நான் பாத்துக்கறேன்."

பொழுதோட அம்மிணி கேட்டாங்க.

"முடிஞ்சுதுங்களா?"

"முடிஞ்சுதுங்க."

"எல்லாமேவா?"

"எல்லாமே."

அம்மிணி அவரு மூஞ்சியப் பாத்தாங்க. "சாப்புடுங்ணா" அப்படீன்னாங்க.

மார்கழி வந்துச்சு. கூடவே உறைபனியும் வந்துச்சு. காத்தால எந்திருச்சுப் பாத்தா புல்லு மேல உப்பக் கொட்டி வெச்ச மாதிரி இருக்கும். தொட்டிச் செடிங்களுக்கும் நாத்துங்களுக்கும் காட்டுல மொளைக்கற மிலார் செடித் தழைய வெட்டியாந்து கூரை மாதிரி மூடி உடோணும். பொழுது மொளைக்கறதுக்கு முன்னாடி தண்ணி தெளிச்சு பனியக் கழுவி உடோணும். வெயிலு பட்டுச்சோ, எல கருகிப் போயிரும்.

கவாத்துப் பண்ணின செடிங்களுக்கு இந்தத் தொந்தரவு ஒன்னுமில்ல. எலையே இல்ல, எதக் கருக்கறது? மொட்டக் குச்சியா நின்னு பனிய மொறைச்சுக்கிட்டிருந்துச்சுங்க.

பாறைக்கு அந்தப் பக்கத்துச் செடிக்கு மட்டும் ராசோபசாரம். காளியண்ணன் தன்னோட கம்பளியக் கொண்டு போயி போத்தினாரு. காத்தால யாருக்கும் தெரியாம எடுத்தாரு. நடுங்கிக்கிட்டே படுத்தாரு. தும்மிக்கிட்டே எந்திருச்சாரு.

"ஏனுங்ணா, கம்பளி எங்க?"

"தொவைச்சுப் போட்டிருக்கறனுங்க."

"மார்கழியிலயா?"

"அழுக்கு மாசம் பாக்குதுங்களா?"

அம்மிணி உள்ள போயி தன்னோட கம்பளிய எடுத்தாந்து அவரு தோள்ல போட்டாங்க. வேற ஒன்னும் கேக்கல.

காளியண்ணனுக்கு அதுதான் பொறுக்கல. திட்டியிருந்தா ஒரு பதிலு சொல்லியிருப்பாரு. நாலு பதிலு யோசிச்சுக்கூட வெச்சிருந்தாரு.

வருசப்பொறப்பு வந்துச்சு. காரும் வந்துச்சு. மடத்துக்கு ஏறி வர ஒத்த வழியில, குறுக்கால நின்னுச்சு. தெய்வசிகாமணி எறங்கினாரு. பின்னாலயே மப்ளரு, குல்லா, கறுப்புக் கண்ணாடின்னு கோயமுத்தூரு எறங்குச்சு.

தோட்டத்தப் பாத்தாங்க. பாத்தி பாத்தியா குச்சி. மேல வானம்.

"என்னம்மா இது, சுடுகாடு மாதிரி?"

"மார்கழிங்க" அப்படீன்னாங்க அம்மிணி.

"பூ வேணும்னு சொல்லி உட்டனே?"

"சொன்னாங்க."

"பின்ன?"

"செடிகிட்டயும் சொன்னோமுங்க."

ஒரு குல்லாக்காரரு சிரிச்சுட்டாரு. தெய்வசிகாமணி காது செவந்துச்சு. அவரு வாயத் தொறக்கறதுக்குள்ள காளியண்ணன் முன்னால ஓடினாரு.

"மொதலாளி, மொதலாளி, இப்படி வாங்க. பாறைக்கு அந்தப் பக்கம் வாங்க."

கூட்டிட்டுப் போனாரு. அன்னிக்குக் காத்தால எடுக்காமயே உட்டிருந்த கம்பளிய உருவினாரு.

செடி பூராவும் பூ. ஒவ்வொன்னும் கொழந்த மொகமாட்டம். சுத்தியும் வெயிலு படாத வெள்ளப் பனி, நடுவுல ரத்தச் செவப்பு. கோயமுத்தூரு மொத்தமும் செல்போன எடுத்துக்கிட்டு பாஞ்சுது. தெய்வசிகாமணி ஒரு பூவத் தடவிக்கிட்டே போட்டாவுக்கு நின்னாரு.

மடம் தப்பிச்சுது. பாயும் களியும் தப்பிச்சுது.

"யாருய்யா நீ?"

"காளியண்ணனுங்க. கண்டக்டரா இருந்தனுங்க."

"வேலைக்காரன்னா நீதான். அடுத்த வருசம் ஒரு செடியும் வெட்டக் கூடாது. அத்தனையும் இப்படி நிக்கோணும். புரியுதா?"

காளியண்ணன் தலத்துண்டு இடுப்புக்கு எறங்குச்சு.

"அந்தம்மாளுக்கு வெட்ட மட்டுந்தான் தெரியுது. கெளம்பச் சொல்லிரு. மடத்த நீயே பாத்துக்க. பாயெல்லாம் வேண்டாம், கட்டில் போட்டுத் தாரேன். என்ன சொல்ற?"

நாக்கு ஒட்டிக்குச்சு. அந்தப் பழைய வார்த்த தொண்டைக்குழி வரைக்கும் ஏறி வந்து, படியில தொங்கற பயணியாட்டம் தொங்குச்சு.

அம்மிணி பாறை மேல சாஞ்சு நின்னுக்கிட்டிருந்தாங்க. கோவமில்ல. காத்தால ஓடைக்கு அனுப்பற அதே குரலுல கேட்டாங்க.

"ஏனுங்ணா, கார்த்திகை வேல ஏதாச்சும் பாக்கி இருக்குதுங்களா?"

காளியண்ணன் அம்மிணியப் பாத்தாரு. அவங்க தோள்ல கம்பளி இல்ல. அது இவரு தோள்ல இருந்துச்சு.

செடியப் பாத்தாரு. உச்சியில எளங் கொழுந்து ஒன்னு, கம்பளிக்கு வெளிய நீட்டிக்கிட்டிருந்தது, பனியில கருகித் தொங்குச்சு. வா வான்னு கூப்புட்டு வளத்தது அவருதான். வெட்டி உட்டிருந்தா அது பாட்டுக்குத் தூங்கியிருக்கும்.

இடுப்புல கை வெச்சாரு. பழைய கண்டக்டரு பை தொங்கின எடத்துல கத்திரி இருந்துச்சு.

"ஒன்னு பாக்கி இருக்குதுங்க அம்மிணி."

குனிஞ்சாரு. தன்னோட முழங்கால ஒரு தரம் பாத்துக்கிட்டாரு.

வெட்டினாரு.

கறுக், கறுக்னு சத்தம். பூவெல்லாம் பனி மேல உழுந்துச்சு. போன் புடிச்ச கையெல்லாம் அந்தரத்துல நின்னுச்சு. கடைசி வெட்டு முடிஞ்சப்ப, மத்த செடிங்க மாதிரியே அதுவும் மொட்டையா நின்னுச்சு. இத்தன நாள் கழிச்சு சொந்தக்காரங்களோட சேந்த மாதிரி.

"யாரக் கேட்டுய்யா வெட்டின?"

"மாசத்தக் கேட்டுங்க."

சொன்னதுக்கு அப்பறந்தான் காளியண்ணனுக்கே தெரிஞ்சுது, பதிலு சொன்னது தன்னோட வாயின்னு.

தெய்வசிகாமணிக்கு மூச்சு வாங்குச்சு. "காலி பண்ணுங்க. இன்னிக்கே. இப்பவே."

"ஆகட்டுங்க" அப்படீன்னாங்க அம்மிணி.

அழுவாங்க, கால்ல உழுவாங்கன்னு நெனைச்சவருக்கு அந்தப் பதிலு பத்தல.

"எங்க போவே? கட்டின துணியோட போவே. தோட்டம் இங்கதான் இருக்கும், என் மண்ணுல. இருவது வருசமா வளத்த தோட்டம். அதப் பேத்து மடியில கட்டிக்கிட்டா போவே?"

"ஏனுங்ணா" அப்படீன்னாங்க அம்மிணி, "அந்த மணலச் சித்த கெளறுங்க."

காளியண்ணன் மாட்டுக் கொட்டாய்க்குப் பின்னால போனாரு. மணலக் கெளறினாரு. நாருக் கட்டு ஒன்ன உருவினாரு.

குச்சி காயல. அடிவெட்டுல வேரு உடறதுக்கு வெள்ளையா முண்டு கட்டியிருந்துச்சு. ஒவ்வொரு கணுவுலயும் குண்டூசித் தலையாட்டம் செவப்பா ஒரு புள்ளி.

அடுத்த கட்ட உருவினாரு. அதுலயும். அதுக்கடுத்ததுலயும். மஞ்ச ரோசா, வெள்ள ரோசா, அந்த வாசம் தூக்கற பன்னீரு ரோசா. ஒப்பாரி வெச்ச ஒவ்வொரு மகராசியும் அங்க வரிசையாப் படுத்திருந்தா.

காளியண்ணன் மணலுல குத்த வெச்சு உக்காந்துட்டாரு. வவுறு குலுங்குச்சு. அழறாரோன்னு எட்டிப் பாத்தா, சிரிக்கறாரு.

"அம்மிணி, இதப் போயி வெந்நிக்குக் கேட்டனே."

"கேட்டீங்க."

"ஐப்பசியிலயே சொல்லியிருக்கலாமுல்லீங்க?"

"ஐப்பசி வேல ஓடைங்ணா."

வெட்டிப் போட்ட செவப்பு ரோசாவுலயும் நல்ல குச்சியாப் பாத்து ஒரு கட்டுக் கட்டினாரு. அத்தனையையும் ஈரச் சாக்குல சுத்தி, கம்பளியால இறுக்கிக் கட்டி தோள்ல ஏத்தினாரு. அம்மிணி மாட்ட அவுத்துக்கிட்டாங்க. வேற எடுக்கறதுக்கு ஒன்னுமில்ல.

தோட்டத்துல மொட்டக் குச்சிங்க பேசாம நின்னுச்சுங்க. அதுங்களையும் மொதலாளி வருசப்பொறப்புக்குப் பூக்க வெச்சுக்கட்டும், முடிஞ்சா.

வழியில காரு குறுக்கால நின்னுச்சு. தெய்வசிகாமணி அதுல சாஞ்சு நின்னுக்கிட்டிருந்தாரு.

"யோவ் கண்டக்டரு. உனக்குக் கட்டில் போட்டுத் தாரேன்னனே. இந்தப் பொம்பள பின்னால போயி எந்த ஊருல படுப்பே?"

காளியண்ணன் காரு முன்னால வந்து நின்னாரு. தலத்துண்டு மறுபடியும் தலைக்கு ஏறியிருந்துச்சு. உள்ளங்கையால காரு மேல ரெண்டு தட்டுத் தட்டினாரு. மலை பஸ்ஸத் தட்டற அதே தட்டு.

"ஓரம் போங்க மொதலாளி. வண்டி கெளம்பிருச்சு."

தெய்வசிகாமணி காரு ஓரத்துச் சந்துல வழி உட்டு நகர்ந்துட்டாரு. ஏன் நகர்ந்தோம்னு அவருக்கே தெரியல.

கொண்ட ஊசி வளவு தாண்டி, பஸ்ஸு சாஞ்சு நின்ன அந்தத் தைல மரம் கண்ணுக்குத் தெரியற எடத்துல, முன்னால நடந்த அம்மிணி திரும்பினாங்க.

"ஏனுங்ணா, மந்திரம் ஒன்னு கேட்டீங்களே. சொல்லட்டுங்களா?"

"அப்பறஞ் சொல்லுங்க அம்மிணி" அப்படீன்னாரு காளியண்ணன். "எட்டி நடங்க. குச்சி காயுது."